மூன்று ஊர், ஒரு மென்பொருள்: வேலையை எங்கே வெட்டுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். பெங்களூரில் ஒரு ஜிசிசியில் (வெளிநாட்டு நிறுவனம் இங்கே வைத்திருக்கும் சொந்த மையம்) புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறீர்கள். லாரி, கன்டெய்னர் ஓட்டும் சரக்கு நிறுவனங்கள் பயன்படுத்தும் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதப் போகிறார்கள். இங்கே 14 பேர், மியூனிக்கில் 8 பேர், கலிபோர்னியாவில் 5 பேர். டிசைன் கலிபோர்னியாவில், கோடிங் பெங்களூரில், டெஸ்டிங் மியூனிக்கில் என்று மேனேஜர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஓர் ஊர் தூங்கும்போது இன்னோர் ஊர் தொடர்வதால் 24 மணி நேரமும் வேலை நடக்குமாம். இது சரிப்படுமா, இல்லாவிட்டால் எப்படிப் பிரிப்பது, ராத்திரி நேர ஆன்லைன் கால்களிலிருந்து தப்ப வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

அந்தப் படம் சரிப்படாது. யோசிப்பவர் ஒரு கண்டத்திலும் செய்பவர் இன்னொரு கண்டத்திலும் உட்கார்ந்தால், நடுவில் முளைக்கும் ஒவ்வொரு சின்னக் கேள்வியும் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது படத்தில் தெரியாது. ஒரே ஒரு டிக்கெட்டை (ஒரு வேலைக்கான குறிப்பை) எடுத்துப் பார்த்தால் தெரியும்.

"இன்வாய்ஸில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சேர்க்கவும்." டிக்கெட்டில் இருப்பது இந்த ஒரு வரிதான். வியாழன் காலை 11 மணிக்கு உங்கள் டீமில் ஒருவர் அதைக் கையில் எடுக்கிறார். கட்டணம் வாரா வாரம் மாறும் என்றால் எந்த நாளின் விகிதத்தைப் போடுவது, சரக்கு ஏற்றிய நாளா, இன்வாய்ஸ் போட்ட நாளா? டிக்கெட்டில் கமென்ட் போடுகிறார். கலிபோர்னியாவில் அப்போது புதன் இரவு. அங்கே விடிந்து பதில் எழுதும்போது இங்கே வியாழன் ராத்திரி. வெள்ளி காலை பார்த்தால் "ஏற்றிய நாள்" என்று இருக்கிறது. சரி, ஒரே லோடை இரண்டு நாளில் இரண்டு கிடங்கில் ஏற்றினால்? திரும்பக் கேட்கிறார். அதற்கு வெள்ளி ராத்திரி பதில் வந்துவிடும். ஆனால் திங்கள் காலைக்கு முன் இங்கே யாரும் அதைத் திறக்கப் போவதில்லை. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தால் செவ்வாய்தான், ஏனென்றால் நமக்குத் திங்கள் காலை என்பது அவர்களுக்கு ஞாயிறு ராத்திரி. பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் பத்து நிமிடப் பேச்சு. பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை என்பதுதான் இதைவிட மோசம். ஆள் தானே ஒன்றை ஊகித்து எழுதிவிடுவார். வாடிக்கையாளருக்குத் தப்பான பில் போகும்போதுதான் அந்த ஊகம் வெளியே வரும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹெர்ப்ஸ்லெப், மோக்கஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஊருக்குள் முடியும் மாற்றத்தோடு ஒப்பிட்டால், அதே மாதிரியான ஒரு மாற்றம் பல ஊர்களைத் தொடும்போது சுமார் இரண்டரை மடங்கு காலம் எடுக்கிறது என்று கண்டார்கள். காரணத்தைத் தோண்டியபோது தெரிந்தது: ஊர் கூடினால் அந்த மாற்றத்தில் சம்பந்தப்படும் ஆள்களும் கூடுகிறார்கள், தாமதத்துக்குக் காரணம் ஆள் கூடியதுதான். ஒரு மாற்றத்துக்குள் எத்தனை பேர் மூக்கை நுழைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் குறைத்தால், தூரம் இருந்தும் பிழைத்துக்கொள்ளலாம் என்று இதைத் திருப்பிப் படிக்கலாம்.

24 மணி நேர ஓட்டம் என்ற கனவையும் இங்கேயே முடித்துவிடுவோம். பாதி எழுதிய புரோகிராமை இன்னொருவரிடம் கொடுக்கலாம். பாதி யோசித்த யோசனையைக் கொடுக்க முடியாது. மாலை 6 மணிக்கு உட்கார்ந்து, எங்கே விட்டேன், எதை முயன்று கைவிட்டேன், அடுத்து எதைத் தொடவேண்டும் என்று ஒழுங்காக எழுத ஒரு மணி நேரம். அதைப் படித்துத் தலையில் ஏற்ற அந்தப் பக்கம் ஒரு மணி நேரம். லாபம் என்று நினைத்தது அதிலேயே போய்விடும். ஆனால் புரொடக்ஷன் ஆதரவுக்கு, அதாவது வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கவனிப்பதற்கு, இதே ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். ஜெர்மனியில் லாரிகள் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் குளிர்காலத்தில் இங்கே காலை எட்டரை. அங்கே யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் உங்கள் ஆள் காபியோடு உட்கார்ந்து அலெர்ட்டைப் பார்க்கலாம். ஆதரவு வேலையில் ஒவ்வொரு பிரச்சினையும் தனித்தனி, ஆரம்பமும் முடிவும் உள்ளது. அதனால் கைமாற்றுவது எளிது.

சரி, அப்படியானால் எங்கே வெட்டுவது? பேச்சு மிகக் குறைவாக ஓடும் இடத்தில். மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் 1972-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: வேலையின் படிகளை வைத்து மாட்யூல் (மென்பொருளின் தனித் துண்டு) பிரிக்காதீர்கள், எந்தெந்த முடிவுகள் பின்னால் மாறக்கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவையுங்கள் என்றார். அதற்கு நாலு வருடம் முன்பு, 1968-ல், கணினி அறிஞர் மெல்வின் கான்வே இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே வந்துசேரும். நீங்கள் திட்டம் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் மென்பொருள் மூன்று துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுகள் எங்கே பிரிய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிறீர்களா, டைம் ஜோன் முடிவு செய்யட்டும் என்று விடுகிறீர்களா என்பதுதான் பாக்கி.

உங்கள் சரக்கு மென்பொருளில் பார்ப்போம். கட்டணக் கணக்கும் இன்வாய்ஸும் இரண்டு தனி மாட்யூல்கள் மாதிரித் தெரியும். ஒன்றை மியூனிக்குக்கும் ஒன்றை பெங்களூருக்கும் கொடுக்கக் கை பரபரக்கும். கொடுக்காதீர்கள். புதிதாக ஒரு கட்டணம் வந்தால், லாரி காத்துக் கிடந்ததற்கான காசு என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியிருக்கும். அவை இரண்டும் ஒரே ஊரில் இருக்கட்டும். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் மியூனிக் அதற்குப் பொருத்தம். லாரி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கிங், டிரைவர் கையில் இருக்கும் மொபைல் ஆப், வாடிக்கையாளருக்குப் போகும் அறிவிப்புகள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. மற்றவற்றோடு அவற்றுக்கு உள்ள பேச்சு "இந்த லோடு ஏற்றியாயிற்று, இந்த லோடு இறங்கியாயிற்று" என்பதோடு முடிந்துவிடும். பெங்களூருக்கு இது முழுசாக வரட்டும், 14 பேருக்குப் போதுமான வேலை இருக்கிறது. லாகின், நிறுவனங்களைச் சேர்ப்பது, வெளியாருக்கான ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் இதோடு பேசும் வாசல்) ஆகியவை கலிபோர்னியாவுக்கு. 5 பேருக்கு அது சரியாக இருக்கும்.

இது நான் தூரத்திலிருந்து போட்ட கணக்கு. உங்களிடம் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது: பழைய மென்பொருளின் கிட் வரலாறு, அதாவது அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு "கமிட்" ஆகப் பதிவாகியிருக்கும் குறிப்பு. கடைசி இரண்டு மூன்று வருட கமிட்டுகளை எடுத்து, எந்த டைரக்டரிகள் ஒரே கமிட்டில் அல்லது ஒரே டிக்கெட்டில் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எண்ணுங்கள். அடிக்கடி சேர்ந்து மாறும் ஜோடிகளை இரண்டு ஊருக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. மீட்டிங்கில் ஆர்க்கிடெக்டுகள் போடும் கட்டங்களைவிட இந்த எண்ணிக்கை நேர்மையானது. மேனேஜரிடம் வாதாடவும் உதவும்.

டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று, மூன்று ஊரும் அதே டேபிள்களில் எழுதும் என்றால், மேலே சொன்ன பிரிவினை எல்லாம் பேருக்குத்தான். பாகம் பிரித்த வீட்டில் கிணறு பொதுவில் கிடந்தால் தண்ணீர் இறைக்க முறை வைத்துக்கொண்டே ஆகவேண்டும், அங்கேதான் சண்டையும் வரும். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் டேபிள்கள், அடுத்தவர் டேபிளைப் படிப்பதுகூட ஏபிஐ வழியாக மட்டும் என்று முதல் நாளே வைத்துவிடுங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். பெரும்பாலான இடங்களில் மாட்யூலை இங்கே அனுப்பிவிடுவார்கள், முடிவெடுக்கும் உரிமையை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். டிராக்கிங் பெங்களூருடையது, ஆனால் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டையும் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றத்தை) கலிபோர்னியா ஆர்க்கிடெக்ட் ரிவ்யூ செய்தால்தான் மெர்ஜ் ஆகும். ஸ்கிரீனில் ஒரு பட்டனை நகர்த்தக்கூட அங்கிருக்கும் புராடக்ட் மேனேஜர் தலையாட்ட வேண்டும். மேலே பார்த்த வியாழன்-செவ்வாய் கதை வேறு உடையில் திரும்பி வரும், அவ்வளவுதான். டிராக்கிங்கை பெங்களூர் எடுத்துக்கொள்கிறது என்றால் அதைத் தீர்மானிக்கும் புராடக்ட் ஆளும், தொழில்நுட்ப முடிவுக்குப் பொறுப்பாளரும், ராத்திரி உடைந்தால் எழுந்து உட்காரும் ஆன்-காலும் பெங்களூரில் இருக்க வேண்டும். உள்ளே என்ன லைப்ரரி, என்ன கியூ, எந்த ரிலீஸ் எந்த நாள் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெளியே தெரியும் ஏபிஐ மாறினால் மட்டும் மற்ற இரண்டு ஊரும் கையெழுத்துப் போடட்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் உலகம் முழுக்கச் சிதறிய ஆள்களை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓடுவதற்குக் காரணங்களில் இது ஒன்று. ஒவ்வொரு துணைப் பகுதிக்கும் பெயர் சொல்லி ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். அந்தப் பட்டியலே ஒரு கோப்பாக சோர்ஸ் கோடுக்குள் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டால்தான் ஒரு மாற்றம் மேலே போகும், எந்த ஊர் என்று யாரும் பார்ப்பதில்லை.

இதை மேனேஜரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். உரிமை கொடுங்கள் என்று கேட்டால் அரசியலாகத் தெரியும். கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளில் "பதிலுக்குக் காத்திருக்கிறது" என்ற நிலையில் கிடந்த நாள்களை மட்டும் கூட்டி ஒரு தாளில் கொண்டுபோங்கள். அப்புறம் பேச்சு தானாக நடக்கும்.

ஊர்களுக்கு நடுவே நிற்கும் ஏபிஐ ஒப்பந்தத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அன்றே தொலைந்தது. உந்துவிசைத் தகவலை லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்தது, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத் தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழி பேசுபவர்கள். உங்கள் விஷயத்தில் அந்த பவுண்டும் நியூட்டனும் வேறு பெயரில் இருக்கும்: எடை கிலோவா டன்னா, தொகை 12.50 என்று வருமா 1250 சென்ட் என்று வருமா, நேரம் உலகப் பொது நேரமான யுடிசியா லாரி நிற்கும் ஊரின் நேரமா, காலியான புலம் (ஒரு தகவலுக்கான கட்டம்) என்றால் "தெரியாது" என்று பொருளா "பூஜ்யம்" என்று பொருளா. இதெல்லாம் ஸ்கீமாவில், அதாவது தரவின் வடிவத்தை எழுதிவைக்கும் இடத்தில், இருக்க வேண்டும். ஸ்கீமாவில் எழுதினால் மட்டும் போதாது. வாங்கிக்கொள்ளும் ஊர் எழுதிய சோதனைகள் கொடுக்கும் ஊரின் பில்டில் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஓட்டம்) ஓட வேண்டும். மியூனிக் இன்வாய்ஸுக்கு உங்களிடமிருந்து "இறங்கிய நேரம்" வேண்டும் என்றால், அதற்கான சோதனையை மியூனிக் எழுதி உங்கள் ரெப்போவில் (சோர்ஸ் கோடு இருக்கும் இடம்) வைக்கட்டும். நீங்கள் தெரியாமல் அந்தப் புலத்தின் பெயரை மாற்றினால், அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பில்ட் சிவப்பாகிவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கருவிகளும் ஒன்றாக இருக்கட்டும், பதிப்பு உட்பட. ஏர்பஸ் ஏ380 விமானத்தைக் கட்டும்போது ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸின் துலூஸிலும் காட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினார்கள். வயரிங் பொருந்தாமல் போய், 2006-ல் பெரிய தாமதத்தை அறிவிக்க வேண்டிவந்தது.

தூரம் என்றாலே தரம் கெடும் என்று மியூனிக்கில் யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அதற்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் விண்டோஸ் விஸ்டாவை எடுத்து, ஒரே இடத்தில் எழுதிய பகுதிகளையும் பல இடங்களில் பிரித்து எழுதிய பகுதிகளையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். வெளியீட்டுக்குப் பின் வந்த கோளாறுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பு சொன்ன 2003 ஆய்வு காலத்தைப் பார்த்தது, இது கோளாறைப் பார்த்தது, அதனால் இரண்டும் மோதவில்லை. ஒழுங்காக நடத்தினால் பிரித்துச் செய்த வேலை மோசமாக வரவேண்டிய கட்டாயம் இல்லை. மெதுவாக வரும் ஆபத்துதான் அதிகம்.

பெங்களூருக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மூர் ஆள்கள் நாலு பேர் சேர்ந்து கீழே டீ குடிக்கப் போவோம். தமிழில் பேசியபடியே ஒரு முடிவு எடுத்துவிட்டு மேலே வருவோம். அருமையான முடிவாகவும் இருக்கும். பக்கத்து சீட் கன்னடக்காரருக்கும் பஞ்சாபிக்காரருக்குமே அது தெரியாது, மியூனிக்குக்கு எங்கே தெரியப் போகிறது? டீக்கடை முடிவு சீட்டுக்கு வந்ததும் ஐந்து வரியில் எழுதப்பட வேண்டும்: என்ன கேள்வி, என்ன முடிவு, எதை ஒதுக்கினோம், ஏன், யார் பொறுப்பு. ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டீயை நிறுத்தச் சொல்லவில்லை.

டிரைவர் ஆப் பெங்களூருக்கு வந்தால் சட்டச் சிக்கல் ஒன்று கூடவே வரும். டிரைவரின் பெயர், ஃபோன் நம்பர், இருக்கும் இடம் எல்லாம் ஐரோப்பியச் சட்டமான ஜிடிபிஆர் கணக்கில் தனிநபர் தரவு. தரவு தாராளமாகப் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கிருந்து ஸ்கிரீனில் திறந்து பார்ப்பதுகூட வெளிநாட்டுக்கு அனுப்பியதாகவே கொள்ளப்படும். அதற்கான ஒப்பந்த ஏற்பாடு உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று சட்டப் பிரிவிடம் இப்போதே கேளுங்கள். இருந்தாலும், புரொடக்ஷன் தரவைத் தொடாமல் பிழை கண்டுபிடிக்கும்படி செயற்கைத் தரவும், பெயரை மறைத்த லாகுகளும் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் நடப்புப் பதிவுகள்) முதல் ரிலீஸுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். இதைப் பின்னால் தள்ளிய ஓர் இடத்தில், பிழை வந்தபோதெல்லாம் மியூனிக் ஆள் ஸ்கிரீனைப் பகிர்ந்து மவுஸை நகர்த்த, இங்கிருந்து "கீழே போங்கள், இன்னும் கீழே" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்திலேயே பிரிக்காதீர்கள் என்பது இன்னொன்று. ஒரு லோடு பதிவாகி, ஏறி, இறங்கி, ஒரு இன்வாய்ஸ் வெளிவரும்வரை மிகச் சின்ன எலும்புக்கூடு ஒன்றை மூன்று ஊரிலிருந்தும் சிலர் ஒரே அறையில் உட்கார்ந்து கட்டட்டும். ஏபிஐ எங்கே வலிக்கும் என்று அப்போது தெரிந்துவிடும். அப்புறம் அவரவர் ஊருக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம். மியூனிக்கில் கூடுவதாக இருந்தால் ஷெங்கன் விசாவுக்கு இப்போதே தேதி பாருங்கள், அதற்கே வாரங்கள் ஓடும்.

கடைசியாக ராத்திரி கால். மியூனிக்கோடு பிரச்சினையே இல்லை. அவர்களுக்குக் காலை 9 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. ஐந்து ஆறு மணி நேரம் ஒன்றாகக் கிடைக்கிறது. அந்தக் கூட்டங்களை 2 மணிக்கு வையுங்கள். 6 மணிக்கு வைத்தால் பாதிப் பேர் அவுட்டர் ரிங் ரோடில் கேபுக்குள் இருந்துகொண்டு மியூட்டை எடுத்துப் போட்டபடி இருப்பார்கள். விடுமுறையிலும் நமக்கும் மியூனிக்குக்கும் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு: நம் சுதந்திர தினமான ஆகஸ்ட் 15-ம் கர்நாடக ராஜ்யோத்சவமான நவம்பர் 1-ம் அங்கேயும் விடுமுறை, கிறிஸ்தவத் திருநாள்கள்.

சிக்கல் கலிபோர்னியாவோடுதான். மூன்று ஊரும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் நேரம் என்று தேடினால் அவர்களுக்குக் காலை 8, மியூனிக்குக்கு மாலை 5, நமக்குக் குளிர்காலத்தில் ராத்திரி ஒன்பதரை. எப்படிப் புரட்டினாலும் ராத்திரி நம் பக்கம்தான் விழும். ஜெர்மானியரைப் பிந்திய நேரத்துக்கு இழுக்கவும் முடியாது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு அங்கே சட்டம். அதனால் மூவர் கூட்டத்தை இருவர் கூட்டங்களாக உடையுங்கள். நாமும் மியூனிக்கும் மதியம், மியூனிக்கும் கலிபோர்னியாவும் அவர்களின் மாலை-காலையில். நாமும் கலிபோர்னியாவும் ஒரு வாரம் நமக்குக் காலை 8 மணிக்கு, அதாவது அவர்கள் சாயங்காலம் உட்கார வேண்டும். அடுத்த வாரம் நாம் ராத்திரி உட்காரலாம். சிரமம் மாறி மாறி வர வேண்டும், அதை முதல் வாரமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி மாட்யூல் பிரித்திருந்தால், மூன்று ஊரும் சேர்ந்து பேச வேண்டியது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இருக்காது.

கடிகாரம் மாற்றும் மாதங்களில் மட்டும் கவனம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் மூன்று ஊருக்குமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுவதால் இன்னொரு வாரம். அழைப்பை எந்த ஊர் நேரத்தில் போட்டார்களோ அந்த ஊருக்குத் தெரியாது, மற்ற ஊர்களில் யாராவது வெற்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரங்களில் மூவர் கூட்டமே வைக்காமல் விட்டுவிடுவது என் வழக்கம்.